பூட்டுக்கு எழுத்து தெரியாது

ஒரு தாளை எடுத்து 'கொலு' என்று எழுதிப் பாருங்கள். கை முதலில் ஒற்றைக் கொம்பைப் போடும். அடுத்து க. அதன் பின் கால். கடைசியில் லு. வாய் சொல்லும் வரிசை வேறு. க் என்ற மெய் முதலில் வருகிறது, ஒ என்ற உயிர் அதைத் தொடர்கிறது. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்று தொல்காப்பியம் நூன்மரபிலேயே சொல்லிவிட்டது. கை ஒரு வரிசையில் எழுதுகிறது, வாய் வேறொரு வரிசையில் சொல்கிறது. படிப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே 'கொ'தான். இத்தனை நூற்றாண்டுகளாக இதனால் யாருக்கும் ஒரு தொல்லையும் வந்ததில்லை.

கணினியில் வருகிறது. அதிலும் நாம் எழுதியதைப் பிறர் படிக்கக்கூடாது என்று பூட்டும்போதுதான் அந்தத் தொல்லை பெரிதாகிறது.

நவராத்திரிக்கு முந்தைய வாரம் என்று வைத்துக்கொள்வோம். மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் பொம்மைக் கடைகள் நடைபாதையை அடைத்துக்கொண்டிருக்கின்றன. அங்கேயே குடியிருக்கும் ஓர் அக்கா, பாட்டி விட்டுச்சென்ற பொம்மைகளின் படங்களையும் வீட்டுப் பத்திரத்தின் நகலையும் ஒரே கோப்பாக்கி, 'கொலுப்படி' என்ற கடவுச்சொல்லால் பூட்டி, அடையாறில் இருக்கும் தம்பிக்கு அனுப்புகிறாள். சற்று நேரத்தில் தம்பியிடமிருந்து அழைப்பு.

"அக்கா, திறக்க மாட்டேங்குது. நீ சொன்னதைத்தான் போட்டேன்."

"எழுத்துப் பிழை இருக்கும்டா. கொலுப்படி. நடுவுல ப் வரும், பாரு."

"ப் எல்லாம் இருக்கு. நாலு தடவை போட்டாச்சு."

"திரையைப் படம் எடுத்து அனுப்பு, பார்க்கறேன்."

படம் வருகிறது. ஒரு புள்ளிகூடத் தப்பில்லை. அக்கா அனுப்பிய சொல்லும் தம்பி அடித்த சொல்லும் அச்சு அசலாக ஒன்றே. ஆனாலும் பூட்டு திறக்கவில்லை.

இருவர் மீதும் தவறில்லை. அக்கா அந்தச் சொல்லைத் தன் பழைய குறிப்பு ஒன்றிலிருந்து நகலெடுத்து ஒட்டினாள். பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு எழுத்துருவில் அடித்து, பிறகு யூனிகோடுக்கு மாற்றிய குறிப்பு அது. தம்பி கைபேசியில் நேரடியாக அடித்தான். அவள் ஒட்டிய 'கொ'வுக்குள் க, கொம்பு, கால் என்று மூன்று எண்கள் இருந்தன. அவன் அடித்த 'கொ'வுக்குள் இரண்டே எண்கள். பூட்டு எண்களை மட்டும் பார்த்தது. இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஓர் எண்ணின் கதைதான்.

எழுத்திலிருந்து எண்ணுக்கு

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வோம். தமிழில் 'குறியாக்கம்' என்ற ஒரே சொல்லை இரண்டு வேலைகளுக்கும் எழுதிவருகிறோம். ஓர் எழுத்துக்கு ஓர் எண் கொடுப்பது ஒரு வேலை. அந்த எண்களைப் பிறருக்குப் புரியாதபடி கலைப்பது இன்னொரு வேலை. முதல் வேலையை இங்கே குறியேற்றம் என்றும் இரண்டாவதை மறையாக்கம் என்றும் சொல்கிறேன். குறியேற்றத்தில் இரகசியம் எதுவுமில்லை, அது ஊரறிந்த ஒப்பந்தம். மறையாக்கத்தில் சாவி இருப்பவருக்கு மட்டுமே வழி தெரியும். முதல் வேலையில் இருக்கும் ஓட்டை இரண்டாவது வேலையில் வெடிக்கும்.

தமிழுக்கு அந்த ஊரறிந்த ஒப்பந்தம் எளிதில் அமையவில்லை. 1990களில் எழுத்துரு செய்தவர்கள் ஆளுக்கொரு எண் வரிசையை வைத்துக்கொண்டார்கள். ஒருவர் அடித்ததை இன்னொருவர் கணினியில் திறந்தால் கட்டங்களும் ஐரோப்பிய எழுத்துகளும் தெரியும். தட்டச்சு செய்த கோப்போடு அந்த எழுத்துருவையும் சேர்த்துக் கொடுத்தனுப்புவதுதான் அன்றைய வழக்கம். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாடு இந்தக் குழப்பத்துக்கு முடிவு காண முயன்றது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் மு. அனந்தகிருஷ்ணன். தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் என்ற இரு குறியேற்றங்களும் அங்கிருந்து வந்தவை. அதே காலத்தில் உலகெங்கும் சிதறியிருந்த தமிழர்கள் இணையத்தில் கூடிப் பேசி திஸ்கி என்ற குறியேற்றத்தை உருவாக்கினார்கள். பிறகு யூனிகோடு எல்லாவற்றையும் உள்வாங்கிக்கொண்டது. 2010 ஜூனில் தமிழ்நாடு அரசும் யூனிகோடை ஏற்று ஆணையிட்டது.

யூனிகோடில் தமிழுக்கு 128 இடங்கள். எண் 2944 முதல் 3071 வரை நம்முடையவை. 247 எழுத்துகளை 128 இடத்தில் எப்படி அடைப்பது? உயிர்மெய்களைச் சேர்த்துக் கட்டுவதால் அடைக்க முடிகிறது. க என்பதற்கு 2965. அதன் பின்னால் ஓர் உயிர்க்குறியின் எண்ணைப் போட்டால் கி, கீ, கு எல்லாம் கிடைத்துவிடும். வாய் சொல்லும் வரிசைதான் இங்கே எடுத்துக்கொள்ளப்பட்டது. மெய் முன்னே, உயிர்க்குறி பின்னே.

மயிலை என்ற சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். தாளில் மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து எண்: ம 2990, ய 2991, இகரக் குறி 3007, ல 2994, ஐகாரக் குறி 3016. இந்த எண்கள் கணினியின் நினைவகத்திலும் கம்பியிலும் போகும்போது பைட்டுகளாக உடைகின்றன. ஒரு பைட் என்பது 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண். இன்று இணையத்தில் பெரும்பாலும் வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ் எண்ணுக்கும் மூன்று பைட். ம என்பது 224, 174, 174 என்று ஆகும். ய என்பது 224, 174, 175. மயிலை மொத்தம் 15 பைட்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். எந்தத் தமிழ் எழுத்தை எழுதினாலும் முதல் பைட் 224. இரண்டாவது 174 அல்லது 175, வேறு எதுவும் வராது. மூன்றாவது பைட்தான் பெரும்பாலும் எந்த எழுத்து என்பதைச் சொல்கிறது. ஒரு சொல்லின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, படிக்காமலே தெரிந்துவிடும். நிரல் கற்கும் மாணவர்கள் விளையாட்டாக ஒரு சிறு சாவியைத் திரும்பத் திரும்பப் போட்டு எண்களைக் கலைத்துப் பார்ப்பதுண்டு. தமிழில் அப்படிச் செய்தால் மறைபொருளைப் பிடிப்பவருக்குப் பாதி வேலை மிச்சம். மூன்று பைட்டுக்கு ஒருமுறை 224 வந்து நின்று சாவியைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பதினாறு பைட் பெட்டி

விளையாட்டை விட்டு உண்மையான பூட்டுக்கு வருவோம். இன்று உலகம் முழுவதும் அதிகம் புழங்கும் மறையாக்க முறைகளில் ஒன்று ஏஇஎஸ். பெல்ஜியத்தைச் சேர்ந்த யோவான் டேமன், வின்சென்ட் ரைமன் என்ற இருவர் வடிவமைத்தது. 2001இல் அமெரிக்க அரசின் தரமாக ஏற்கப்பட்டது. செய்தியை அது பதினாறு பதினாறு பைட்டாக வெட்டிப் பெட்டிகளில் போடுகிறது. ஒவ்வொரு பெட்டியையும் சாவியின்படி பல சுற்றுகள் கலைக்கிறது.

மயிலை 15 பைட். பின்னால் ஓர் இடைவெளி விட்டால் அது 1 பைட். ஆக மொத்தம் 16. ஒரு பெட்டி கச்சிதமாக நிரம்பிவிட்டது. 'மயிலை மயிலை மயிலை' என்று எழுதி, கடைசியிலும் ஓர் இடைவெளி விட்டு, ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியே ஒரே சாவியால் பூட்டினால் வெளியே வருவதும் ஒரே பெட்டி மூன்று தடவைதான். உள்ளே என்ன சொல் என்று வெளியாளுக்குத் தெரியாது. ஆனால் ஒரே சொல் மூன்று தடவை வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். 2013இல் அடோபி நிறுவனத்திலிருந்து கசிந்த கடவுச்சொற்கள் இப்படித் தனித்தனியே பூட்டும் முறையில்தான் இருந்தன. ஒரே கடவுச்சொல்லை வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே குவியலாக அம்பலமானார்கள். அதனால்தான் நல்ல செயலிகள் ஒவ்வொரு செய்திக்கும் புதிதாக ஓர் எண்ணைக் கலந்து, முந்தைய பெட்டியின் சாயல் அடுத்ததில் விழாதபடி பார்த்துக்கொள்கின்றன.

ஏஇஎஸ் செய்யும் வேலையில் எங்கேயும் 'ம' இல்லை, 'லை' இல்லை. இருப்பது பைட்டுகள் மட்டும். 16ஐ 3 ஈவாக வகுக்காது. ஆகவே நீண்ட தமிழ்ச் செய்தியில் ஓர் எழுத்தின் முதல் பைட் ஒரு பெட்டியிலும் மீதி இரண்டு பைட் அடுத்த பெட்டியிலும் விழுவது சாதாரணம். பூட்டுக்கு அதனால் குறை ஒன்றுமில்லை. திறக்கும்போது எல்லாப் பெட்டிகளும் வரிசையாக வந்துசேர்ந்தால் எழுத்து மீண்டும் கூடிவிடும். ஒவ்வொரு பெட்டி திறந்ததும் அவசரப்பட்டு அதை எழுத்தாக மாற்றிவிடும் மென்பொருளில்தான் சிக்கல். பாதி எழுத்தைப் பார்த்ததும் அது, 'இது எழுத்தே இல்லை' என்று முடிவு கட்டி, சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி போட்ட அந்த அடையாளத்தை வைத்துவிடும். ஆங்கிலத்தில் எழுதிச் சோதித்தவருக்கு இது கண்ணில் படவே படாது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரே பைட். அதைப் பாதியாக வெட்ட முடியாது.

பூட்டிய பெட்டியைத் தபாலில் போடுவது

மறையாக்கம் முடிந்ததும் கையில் இருப்பது எழுத்தல்ல. 0 முதல் 255 வரை எந்த எண்ணும் எந்த இடத்திலும் வரக்கூடிய பைட் குவியல். அதைச் செய்தியாக அனுப்ப வேண்டும். ஆனால் செய்தி போகும் பாதைகள் பலவும் எழுத்துக்கென்று போடப்பட்டவை.

புதிதாக நிரல் எழுதுகிறவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். பூட்டிய பைட்டுகளை அப்படியே 'யூடிஎஃப்-8 எழுத்து' என்று சொல்லி அனுப்புவார்கள். யூடிஎஃப்-8க்கு இலக்கணம் உண்டு. 224க்குப் பின் குறிப்பிட்ட வகைப் பைட்டுகள் இரண்டு வந்தாக வேண்டும். கலைத்துப்போட்ட பைட்டுகள் அந்த இலக்கணத்துக்கு எப்படி அடங்கும்? அடங்காத இடத்திலெல்லாம் மென்பொருள் பழைய பைட்டை அழித்துவிட்டு, அந்தக் கேள்விக்குறி அடையாளத்துக்குரிய 239, 191, 189 என்ற மூன்று பைட்டை வைக்கும். அழிந்தது அழிந்ததுதான். சாவி கையில் இருந்தும் பயனில்லை. பூட்டை யாரும் உடைக்கவில்லை, பெட்டிக்குள் இருந்த பண்டம் போய்விட்டது.

இதற்கான மருந்து பழையது. பேஸ்64 என்ற முறை, எந்தப் பாதையிலும் பழுதுபடாத 64 குறிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஆங்கிலப் பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, இலக்கம் 10, கூடவே கூட்டல் குறியும் சாய்கோடும். மூன்று பைட்டை எடுத்து நான்கு குறியாக எழுதும். தமிழுக்கு இதில் ஒரு விசித்திரப் பொருத்தம். ஒரு தமிழ் எண்ணுக்கு மூன்று பைட், ஆகவே நான்கு குறி. மயிலாப்பூர் என்ற சொல் தாளில் ஆறு எழுத்து, யூனிகோடில் 11 எண், யூடிஎஃப்-8இல் 33 பைட், பேஸ்64இல் 44 குறி.

இந்தப் பெருக்கம் எங்கே வலித்தது என்றால் குறுஞ்செய்தியில். ஓர் எஸ்எம்எஸ்ஸின் வயிறு 140 பைட். ஆங்கிலத்தில் 160 எழுத்து பிடிக்கும். தமிழ் வந்ததும் எழுத்துக்கு இரண்டு பைட் என்ற கணக்குக்கு மாறி 70 எண்ணாகச் சுருங்கும். அந்த 70இல் மயிலாப்பூர் மட்டும் 11ஐத் தின்றுவிடும். இன்றைய சிக்னல் செயலியின் முன்னோடியான டெக்ஸ்ட்செக்யூர் 2010இல் வந்தது. தொடக்கத்தில் அது மறையாக்கிய செய்தியை எஸ்எம்எஸ் வழியாகவே அனுப்பியது. பேஸ்64 குறிகளாக 160இல் அடைத்தால் 120 பைட் போகும். அதாவது அதிகபட்சம் 40 தமிழ் எண். பூட்டுக்கென்று கூடவே போகும் விவரங்களைக் கழித்தால் அதற்கும் குறைவு. ஆங்கிலத்தில் ஒரே குறுஞ்செய்தியில் முடியும் பேச்சு தமிழில் இரண்டு மூன்றாக உடைந்து போகும். 2015இல் அந்தச் செயலி எஸ்எம்எஸ் வழியிலான மறையாக்கத்தைக் கைவிட்டு, மறையாக்கிய செய்திகளை இணைய வழியில் மட்டுமே அனுப்பத் தொடங்கியது.

பேஸ்64 குறிகளும் எல்லா இடத்திலும் பத்திரம் என்று சொல்ல முடியாது. இணையப் படிவங்களில் கூட்டல் குறிக்கு 'இடைவெளி' என்று ஒரு பொருள் உண்டு. மறையாக்கிய செய்தியைக் கவனமில்லாமல் ஓர் இணைப்பு முகவரிக்குள் வைத்து அனுப்பினால், போய்ச்சேரும்போது ஒவ்வொரு கூட்டலும் வெற்றிடமாகியிருக்கும். இதற்காகவே கூட்டலுக்குப் பதில் இணைப்புக்கோடும் சாய்கோட்டுக்குப் பதில் அடிக்கோடும் போடும் இன்னொரு வகை இருக்கிறது. ஃபில் ஜிம்மர்மன் 1991இல் வெளியிட்ட பிஜிபி, மின்னஞ்சலை மறையாக்கும் மென்பொருள். அதன் செய்திகள் ஐந்து இணைப்புக்கோடுகளோடு தொடங்கும். இன்றைய கைபேசிகளில் சில, இரண்டு இணைப்புக்கோடுகளைக் கண்டதும் 'அழகாக இருக்கட்டும்' என்று ஒரு நீண்ட கோடாக மாற்றிவிடுகின்றன. அப்படி மாறிய செய்தியை ஒட்டினால், செய்தி எங்கே தொடங்குகிறது என்பதே மென்பொருளுக்குத் தெரியாமல் போகும். உதவி செய்யத்தான் கோட்டைத் திருத்தினார்கள். பூட்டிய பொருளுக்கோ ஒரு கோடு மாறினாலும் கேடுதான்.

ஒரு முகம், இரண்டு உடல்

இப்போது அக்கா தம்பி கதைக்குத் திரும்புவோம். 'கொ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பின் ஒகரக் குறி 3018 என்பது ஒரு விதம். க-வுக்குப் பின் கொம்பு 3014, அதன் பின் கால் 3006 என்பது இன்னொன்று. முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட். திரையில் இரண்டும் ஒன்றே. ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதைதான்.

கடவுச்சொல்லிலிருந்து சாவி செய்யும் கணக்குக்கு அடித்தளம் ஹேஷ் என்ற முறை. எவ்வளவு நீளமான செய்தியைக் கொடுத்தாலும் குறிப்பிட்ட நீளத்தில் ஒரு கைரேகையைக் கொடுக்கும். ஷா-256 என்ற முறையில் அதன் நீளம் 32 பைட். உள்ளே போவதில் ஒரே ஒரு பிட், அதாவது பைட்டின் ஒரு சிறு துணுக்கு, மாறினாலும் வெளியே வருவதில் ஏறத்தாழப் பாதிப் பிட்டுகள் மாறிவிடும். அப்படி மாற வேண்டும் என்றுதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். 'கிட்டத்தட்டச் சரி' என்பதற்கு இங்கே இடமில்லை. ஆகவே தம்பியின் 'கொலுப்படி' அக்காவின் 'கொலுப்படி'க்குப் பக்கத்து வீடுகூட இல்லை. அது வேறு ஊர்.

இதற்குத் தீர்வு ஏற்கெனவே இருக்கிறது. இயல்பாக்கம் என்று சொல்லலாம். ஒரே எழுத்துக்கு எத்தனை வடிவம் இருந்தாலும் கணக்குக்குள் போகுமுன் ஒரே வடிவமாக மாற்றிவிடும் வேலை. அதற்கான அட்டவணைகளை யூனிகோடு அமைப்பே வெளியிட்டிருக்கிறது. கடவுச்சொற்களுக்கு அதைக் கட்டாயம் செய்ய வேண்டும் என்று இணையத் தர ஆவணங்களும் சொல்கின்றன. நிரலில் ஒரு வரி போதும். அந்த ஒரு வரி பூட்டுவதற்கு முன்னால் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். பூட்டிய பிறகு யாராலும் அதைச் செய்ய முடியாது.

எல்லா இரட்டையரையும் இயல்பாக்கம் ஒன்றாக்கிவிடும் என்று நம்பிவிடவும் கூடாது. மயிலாப்பூர் பக்கம் ஔவை சண்முகம் சாலை இருக்கிறது. அதன் முதல் எழுத்தைச் சரியாக அடித்தால் ஒரே எண். ஒகரத்தையும் ஔகாரத்தின் நீட்சிக் குறியையும் சேர்த்து அடித்தால் இரண்டு எண். இயல்பாக்கம் இந்த இரண்டையும் ஒன்றாக்கும். விசைப்பலகையில் ஔ எங்கே என்று தேட நேரமில்லாதவர்கள் ஒ போட்டு ள போடுவார்கள். முகவரி பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. கணினிக்கு அது 'ஒ-ள-வை'. எந்த இயல்பாக்கமும் அதை ஔவையாக்காது.

ஸ்ரீ இன்னும் நுட்பமானது. 2005இல் யூனிகோடில் ஶ என்ற கிரந்த எழுத்து சேர்ந்தது. அதற்கு முன் ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்று கட்டிய ஸ்ரீயை அதன் பின் ஶ-வை வைத்தும் கட்டலாம் என்றானது. பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் ஒரே உருவம். மாட வீதிகளில் கடைப் பலகைக்குப் பலகை ஸ்ரீ இருக்கிறது. கண்ணுக்கு எல்லாம் ஒன்று. எண்ணிலோ இரண்டு குலம், இயல்பாக்கம் இவற்றைச் சேர்த்துவைப்பதில்லை.

கடைசியாகக் கண்ணுக்கே தெரியாத எழுத்து. ரிக்‌ஷா என்று எழுதும்போது க்-உம் ஷா-வும் ஒட்டாமல் தனித்து நிற்க வேண்டுமானால் நடுவில் ஓர் 'ஒட்டாதே' குறி வேண்டும். அதற்கு அகலம் கிடையாது, உருவம் கிடையாது. ஆனால் 226, 128, 140 என்று மூன்று பைட் உண்டு. அது இல்லாவிட்டால் க்ஷ சேர்ந்து ரிக்ஷா என்று தெரியும். எதையும் காட்டாத ஓர் எழுத்து பூட்டுக்குள் மூன்று பைட் இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

கைரேகையும் நீதிமன்றமும்

இதெல்லாம் வீட்டுக் கொலுவோடு முடிகிற விஷயமல்ல. 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு, சமூக ஊடகக் கணக்குகளை ஆதாரோடு இணைக்கக் கோரி மனுக்கள் வந்தன. விசாரணை போகப்போக, வாட்ஸ்அப்பில் பரவும் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்வியாக அது மாறியது. 2019இல் சென்னை ஐஐடியின் பேராசிரியர் வி. காமகோடி, ஒவ்வொரு செய்தியோடும் முதலில் எழுதியவரின் அடையாளத்தைச் சேர்த்து அனுப்பலாம் என்று ஒரு வழியை முன்வைத்தார். மும்பை ஐஐடியின் மனோஜ் பிரபாகரன் அதன் குறைகளைச் சுட்டி மறுத்தார். அதே ஆண்டு அக்டோபரில் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. 2021இல் நடுவண் அரசின் புதிய விதிகள், செய்தியை முதலில் அனுப்பியவரைக் காட்ட வேண்டும் என்றன. ஒவ்வொரு செய்திக்கும் ஒரு ஹேஷ் கைரேகையை வைத்துக்கொண்டால் மறையாக்கத்தை உடைக்காமலே தேடலாம் என்ற யோசனையும் அப்போது பேசப்பட்டது.

தனிமனித அந்தரங்கத்தின் பக்கம் நின்று இந்த யோசனையை எதிர்த்தவர்கள் பலர். நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் தமிழில் எழுதுகிறவர்கள் சொல்ல வேண்டிய இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒருவர் வதந்தியை ஒற்றை ஒகரக் குறியோடு அனுப்புகிறார். இன்னொருவர் அதையே பழைய கோப்பிலிருந்து எடுத்து, கொம்பும் காலும் பிரிந்த வடிவில் அனுப்புகிறார். படிப்பவருக்கு ஒரே செய்தி, கைரேகையோ இரண்டு. முதலில் அனுப்பியவர் என்று பதிவேடு இரண்டாமவரையும் காட்டும். வேண்டுமென்றே தப்பிக்க நினைப்பவருக்கு உருவமில்லாத ஒரு குறியைச் செருகினால் போதும். கைரேகை மாறிவிடும். எழுத்தின் இயல்பு தெரியாமல் போட்ட சட்டம், தப்பிக்கத் தெரிந்தவரை விட்டுவிட்டு, ஒட்டத் தெரிந்தவரை மட்டும் பிடிக்கும்.

பூட்டுக்குள் வந்த தெலுங்கு எழுத்து

2018 பிப்ரவரியில் உலகெங்கும் ஐபோன் வைத்திருந்தவர்கள் ஓர் எழுத்தைக் கண்டு பயந்தார்கள். அது தெலுங்கு எழுத்து. தி. நகர் பனகல் பூங்காவைச் சுற்றித் தெலுங்கு பேசி வளர்ந்தவர்கள் தினமும் எழுதும் 'ஞானம்' என்ற சொல்லின் முதல் எழுத்தைப் போன்றது. ஜ-வும் ஞ-வும் சேர்ந்த கூட்டெழுத்து, அதோடு நாம் ரிக்‌ஷாவில் பார்த்த அதே 'ஒட்டாதே' குறி, பிறகு ஆகாரக் குறி. இந்த வரிசை திரைக்கு வந்ததும், எழுத்தை வரையும் மென்பொருள் குழம்பி, அந்தச் செயலி செயலிழந்துவிடும். திரும்பத் திறந்தாலும் அதே செய்தி கண்முன் வரும், மறுபடியும் விழும். ஆப்பிள் 2018 பிப்ரவரி 19 அன்று திருத்திய பதிப்பை வெளியிட்டது.

இந்தச் சம்பவத்தை மறையாக்கத்தின் கண்ணோடு பாருங்கள். அந்த எழுத்து பூட்டில் எந்தப் பழுதும் இல்லாமல் நுழைந்தது. பழுதில்லாமல் பயணம் செய்தது. சாவி சரியாகத் திறந்தது. ஒரு பைட்டும் மாறவில்லை. மறையாக்கம் தன் கடமையை முழுதாகச் செய்து முடித்த அடுத்த நொடியில், எழுத்தை வரையும் இடத்தில் எல்லாம் கவிழ்ந்தது.

வாட்ஸ்அப் 2016 ஏப்ரலில் எல்லோருக்கும் முனையிலிருந்து முனைவரை மறையாக்கத்தைக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய உலகத்தில், இப்படி ஒரு கொல்லும் எழுத்து கிளம்பினால் நடுவில் இருக்கும் நிறுவனம் தன் கணினியில் அதை வடிகட்டித் தடுத்திருக்கலாம். பிரிந்துபோன கொம்பையும் காலையும் நடுவிலேயே சேர்த்தும் வைத்திருக்கலாம். முனைக்கு முனை பூட்டியபின் நடுவில் இருப்பவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியாது. அது நமக்கு நல்லது. நம் பேச்சு நம்முடையதாகவே இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. எழுத்தில் இருக்கும் பிழையைத் திருத்த இடையில் ஆளில்லை. எழுதுகிறவர் கையில் இருக்கும் கருவியும் படிக்கிறவர் கையில் இருக்கும் கருவியும் மட்டுமே பொறுப்பு. அதனால்தான் மறையாக்கம் பரவப் பரவ, எழுத்தை அறிந்தவர்களின் வேலை கூடுகிறது, குறையவில்லை.

ஐந்து சொற்கள்

தரமணியிலும் கிண்டியிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் நிரல் எழுதும் இளைஞர்கள் இந்த நகரத்தில் ஏராளம். அவர்கள் செய்யும் செயலிகள் உலகமெங்கும் போகின்றன. சோதனைக்கு அவர்கள் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களைத்தான் அடித்துப் பார்க்கிறார்கள். பைட்டுக்கு ஓர் எழுத்து என்ற வசதியான ஊரில் எந்தப் பழுதும் வெளிவராது. அவர்களுக்கு இந்த அத்தியாயத்திலிருந்து ஐந்து சொற்களைக் கொடுக்கிறேன்.

மயிலை. எழுத்து மூன்று, எண் ஐந்து, பைட் பதினைந்து. இடைவெளி விடாமல் அதை நூறு தடவை எழுதிப் பூட்டித் திறந்து பாருங்கள். ஓர் எழுத்தும் பாதியாக வெட்டுப்படக்கூடாது. இடைவெளிகளோடு எழுதிப் பூட்டினால், பூட்டிய வடிவில் ஒரே பெட்டி திரும்பத் திரும்ப வரவும் கூடாது.

கொலு. இரண்டு விதமாகவும் எழுதிக் கடவுச்சொல்லாகக் கொடுங்கள். ஒன்றால் பூட்டியதை மற்றொன்று திறக்க வேண்டும்.

ஔவை. ஒற்றை எண்ணாலும் இரட்டை எண்ணாலும் திறக்க வேண்டும். 'ஒ-ள' என்று அடித்தால் திறக்கக்கூடாது. ஆனால் அடித்தவருக்கு ஏன் திறக்கவில்லை என்று தமிழில் ஒரு வரி சொல்ல வேண்டும்.

ஸ்ரீ. இரண்டு ஸ்ரீயும் வேறு என்று உங்கள் செயலிக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். கடவுச்சொல் அமைக்கும்போதே பயனரை எச்சரியுங்கள்.

ரிக்‌ஷா. உருவமில்லாத குறியோடு அனுப்பினால் அது போய்ச்சேரும்போதும் இருக்க வேண்டும். கடவுச்சொல்லில் வந்தால், கண்ணுக்குத் தெரியாத ஒன்று உள்ளே இருக்கிறது என்று பயனருக்குக் காட்ட வேண்டும்.

இந்த ஐந்தையும் எந்தச் செயலி தாண்டுகிறதோ, அதில் நம் அக்கா கோப்பை அனுப்பலாம். தம்பி அடையாறில் உட்கார்ந்து தனக்குத் தெரிந்தபடி 'கொலுப்படி' என்று அடிப்பான். உள்ளே போன எண் இரண்டா மூன்றா என்று அவனுக்குத் தெரிய வேண்டியதில்லை. பாட்டியின் பொம்மைகள் திரையில் வரிசையாக வந்து நிற்கும்.